தைராய்டு நோட்டில் கண்ணுக்கும் ஒரு வரி

திருநகர் இரண்டாவது ஸ்டாப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டி.பார்ம் முடித்ததும் கொஞ்ச காலம் வேறொருவர் கடையில் நின்றேன். கல்யாணத்துக்குப் பிறகு சொந்தக் கடை. அண்ணா பூங்காவில் நடந்துவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்கள், ஹார்விபட்டியிலிருந்தும் விளாச்சேரியிலிருந்தும் தனக்கன்குளத்திலிருந்தும் டூவீலரில் வந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் என் வாடிக்கையாளர்கள். டாக்டருக்குக் கிடைக்காத ஒரு பார்வை கடைக்காரிக்குக் கிடைக்கும். ஒரே ஆளின் எல்லாச் சீட்டுகளும் ஒரே பிளாஸ்டிக் கவருக்குள் மடங்கி என் கவுண்டருக்கு வரும். அந்தக் கவர்களில் வருஷக்கணக்காக நான் பார்த்து வருகிற ஒன்று இருக்கிறது. தைராய்டு மாத்திரைச் சீட்டும் கண் சொட்டு மருந்துச் சீட்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். தைராய்டு சீட்டில் கண்ணைப் பற்றி ஒரு சொல் இருக்காது. கண் சீட்டில் தைராய்டைப் பற்றி ஒரு சொல் இருக்காது.

இந்த இரண்டு சீட்டுகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. தைராய்டு என்று தெரிந்த அன்றே கண்ணையும் பார்த்துவிட வேண்டும். கண் உறுத்துகிறது, எரிகிறது என்று வருகிறவரிடம் தைராய்டு உண்டா என்று கேட்டுவிட வேண்டும். மதுரை போன்ற ஒரு ஊரில் இது இன்னும் வழக்கமாகாமல் இருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கவுண்டரில் வந்து நிற்கிறவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். “அக்கா, கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி கரகரங்குது.” “காலைல எந்திரிச்சா கண்ணத் தொறக்க முடியல.” “சும்மா இருந்தாலே தண்ணியா ஊத்துதும்மா, ஏதாச்சும் சொட்டு குடுங்க.” காரணத்தையும் அவர்களே வைத்திருப்பார்கள். திருமங்கலம் ரோட்டுப் புழுதி, ஆடிக் காத்து, போன் பார்த்தது, வயசு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வந்த மெட்ராஸ் ஐ. இவை எதுவும் பொய்யில்லை. கண் உறுத்த இவையெல்லாம் காரணம்தான். ஆனால் அதே ஆள் அடுத்த வாக்கியத்தில் “அப்படியே அந்தத் தைராய்டு மாத்திரையும் ஒரு டப்பா” என்று கேட்கும்போது எனக்குக் கை நின்றுவிடும். “எந்தத் தைராய்டுங்க, கூடவா கொறவா?” என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. “தைராய்டு இருக்கு, அவ்வளவுதான் சொன்னாங்க” என்பார்கள்.

தைராய்டு அபூர்வமான நோயும் இல்லை. சென்னை, பெங்களூரு, ஐதராபாத் உட்பட எட்டு இந்திய நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து 2013இல் வெளியான ஆய்வில், தைராய்டு குறைவாகச் சுரப்பவர்கள் மட்டும் ஏறக்குறைய 11 சதவீதம் இருந்தார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் காலையில் வெறும் வயிற்றில் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை விழுங்கிவிட்டுக் காபிக்காகக் காத்திருப்பதைப் பார்க்கிற எனக்கு அந்தக் கணக்கில் ஆச்சரியமில்லை. ஆச்சரியப்படுத்துவது வேறு. மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும் என்பது ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. கழுத்தில் இருக்கிற சுரப்பியின் நோய் கண்ணையும் பிடிக்கும் என்பது கிட்டத்தட்ட யாருக்கும் தெரியவில்லை.

மருத்துவத்துக்கு இது பழைய செய்தி. தைராய்டு அதிகமாகச் சுரப்பதையும் கண் பிதுங்குவதையும் சேர்த்து டப்ளின் நகரத்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் எழுதினார். ஜெர்மனியில் கார்ல் ஃபான் பாஸடோ 1840இல் தன்னிச்சையாக அதையே விவரித்தார். கிரேவ்ஸ் நோய் என்று இன்றும் முன்னவர் பெயரில்தான் அழைக்கிறோம். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தவறாகத் தன் உடம்பையே தாக்குகிற நோய் இது. தைராய்டு சுரப்பியின் மேல் உள்ள ஒரு ஏற்பியைக் குறிவைத்து உடம்பு எதிர்ப்பான்களை உண்டாக்குகிறது. அவை சுரப்பியை ஓயாமல் தூண்டிவிட, தைராய்டு ஹார்மோன் பெருகுகிறது. சிக்கல் என்னவென்றால், அதே ஏற்பி கண்குழிக்குள் இருக்கும் திசுக்களிலும் இருக்கிறது. அங்கேயும் அழற்சி கிளம்பி, கண்ணைச் சுற்றிய கொழுப்பும் தசைகளும் வீங்குகின்றன. எலும்புக் குழிக்குள் இடம் கொஞ்சம்தான், ஆகவே கண் முன்னால் தள்ளப்படுகிறது.

பிதுங்கிய கண்ணைத்தான் எல்லாரும் கவனிப்பார்கள். அதற்கு முன்பே நடக்கிற இரண்டு காரியங்களை யாரும் கவனிப்பதில்லை. ஒன்று, மேல் இமை மேலே ஏறிக்கொள்வது. சாதாரணமாக மேல் இமை கருவிழியின் மேல் விளிம்பைக் கொஞ்சம் மூடியிருக்கும். இந்த நோயில் இமை உயர்ந்து, கருவிழிக்கு மேலே வெள்ளை தெரியும். இந்தக் கண் நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இது உண்டு. இமை மேலே போனால் காற்றுபடுகிற பரப்பு கூடும், கண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். இமைப்பதும் குறையும், இமைத்தாலும் முழுதாக மூடாது. இரண்டாவது, கண்ணீர்ச் சுரப்பியிலும் அந்த ஏற்பி உண்டு. அதிலும் அழற்சி வந்தால் கண்ணீரே சரியாக ஊறாது. சுரப்பது குறைந்து, சுரந்ததும் நிற்காமல் காய்ந்துபோகும்.

கண்ணீர் என்றால் வெறும் தண்ணீர் என்று நினைக்கக் கூடாது. மேலே எண்ணெய்ப் படலம், நடுவில் நீர், அடியில் கண்ணோடு ஒட்டவைக்கிற சளிப்பொருள் என்று மெல்லிய படலமாகக் கருவிழியைப் போர்த்தியிருக்கிறது. ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் அது புதிதாகப் பூசப்படுகிறது. அந்தப் பூச்சு நடுவில் கிழிந்தால் கருவிழி நரம்புகள் அலறும். உடனே மூளை “ஊற்று” என்று உத்தரவு போட, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். அவசரத்துக்கு வந்த அந்தத் தண்ணீரில் எண்ணெய் போதாது, ஒட்டாது, கன்னத்தில் வழிந்து ஓடிவிடும். கண் காய்ந்திருப்பதால்தான் தண்ணீர் ஊற்றுகிறது என்று நான் சொன்னால் பலர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். “தண்ணியாக் கொட்டுதுங்கிறேன், காஞ்சிருக்குங்கறீங்களே” என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டே போனார்.

என் சின்னம்மா மகளுக்கு வந்ததைச் சொல்லுகிறேன். விளாச்சேரியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. கொலு பொம்மைக்கு வண்ணம் தீட்டுவது அவள் வேலை. விளாச்சேரி பொம்மையைத் தெரியாதவர்கள் மதுரையில் இருக்க மாட்டார்கள். நவராத்திரிக்கு முந்தின மாதங்களில் அந்த ஊரில் ராத்திரி பகல் கிடையாது. களிமண்ணும் காகிதக்கூழும் காய்ந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை அடித்து, பிறகு நிறம், கடைசியில் கண். தேய்க்கிற தூள் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். கண் எழுதுகிற வேலையில் தூரிகை நுனி மயிரளவுக்கு நகர வேண்டும் என்பதால் எழுதுகிறவர்கள் இமைக்காமல் பார்ப்பார்கள். நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்க வேண்டிய கண், அந்த வேலையில் மிகக் குறைவாகத்தான் இமைக்கும். ஆகவே அவள் கண் சிவந்து, உறுத்தி, நீர் வடிந்தபோது தூசி என்று எல்லாரும் முடிவு கட்டியதில் நியாயம் இருந்தது. பவர் பார்த்துக் கண்ணாடி போட்டார்கள். அலர்ஜி என்று ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். அந்த இடங்களில் ஒன்றில்கூட அவளிடம் உடம்பு இளைத்ததா, நெஞ்சு படபடக்கிறதா, வியர்க்கிறதா என்று கேட்கவில்லை. மூன்றும் இருந்தன. வேலைச் சுமை என்று அவள் நினைத்திருந்தாள்.

வீட்டுக்காரர் “என்ன எப்பப் பாரு முறைச்சுக்கிட்டே இருக்க?” என்று சண்டை போட்டிருக்கிறார். இமை ஏறினால் முகத்துக்கு அந்த முறைப்பு வந்துவிடும். நோயாளி சாந்தமாக இருந்தாலும் பார்க்கிறவருக்குக் கோபமாகத் தெரியும். கடைசியில் விஷயத்தைக் கண்டுபிடித்தது பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள். ராத்திரி படித்துவிட்டு விளக்கை அணைக்க வந்தவள், அம்மா கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதைப் பார்த்துப் பயந்துபோனாள். போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். இரண்டு இமைகளுக்கும் நடுவில் வெள்ளைக்கோடு. மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்திருக்கும் என்பது எனக்குப் பார்க்காமலே தெரியும், மதுரையில் மின்விசிறி இல்லாமல் யார் தூங்குகிறார்கள்? விடிய விடியக் காற்றுபட்டுக் காய்ந்த கருவிழியோடு எழுந்தால் காலையில் எப்படிக் கண் திறக்கும்?

அவளோடு நான்தான் கண் மருத்துவமனைக்குப் போனேன். கீழ் இமையின் ஓரத்தில் ஒரு சின்னக் காகிதப் பட்டையை மடித்துத் தொங்கவிட்டு, ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொன்னார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகப் பழக்கத்தில் இருக்கிற பரிசோதனை அது. நன்றாகக் கண்ணீர் ஊறுகிறவருக்குப் பட்டையில் பதினைந்து மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஈரம் ஏறும். ஐந்துக்கும் கீழே நின்றால் வறட்சி கடுமை என்று அர்த்தம். அவளுக்கு இடக்கண் பட்டையில் அடிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தது. பிறகு மஞ்சள் சாயத்தைத் தொட்டுவைத்து நீல வெளிச்சத்தில் பார்த்தார்கள். கருவிழியின் கீழ்ப்பாதியில், தூங்கும்போது மூடாமல் விட்ட அதே பட்டையில், புள்ளி புள்ளியாகப் பச்சை ஒளிர்ந்தது. அத்தனையும் தோல் உரிந்த இடங்கள். அந்தப் பெண் டாக்டர் கண்ணை விட்டுவிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார், விரல்கள் நடுங்குவதைப் பார்த்தார், இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். கார்பிமசோல் மாத்திரை தொடங்கி, சில மாதங்களில் இரத்த அளவுகள் ஒழுங்குக்கு வந்தன. “ரிப்போர்ட் நார்மல்” என்று வீட்டில் சந்தோஷம். கண் மட்டும் அப்படியே இருந்தது. உறுத்தலைச் சொன்னால் “அதான் நார்மலாயிருச்சே” என்று பதில் வரும். இங்கேதான் நிறையப் பேர் கைவிடப்படுகிறார்கள். கண் நோய்க்குத் தனிக் கணக்கு இருக்கிறது. முதலில் அழற்சியோடு ஏறுமுகமாக இருக்கும். பல மாதங்கள், சிலருக்கு இரண்டு வருஷம்வரைகூட நீடிக்கும். பிறகு தணிந்து ஒரு நிலையில் நிற்கும். சிலருக்குத் தைராய்டு தொந்தரவு தெரிவதற்கு முன்பே கண்ணில் வரும், சிலருக்கு வருஷங்கள் கழித்து வரும். தைராய்டு குறைவாக உள்ளவர்களிலும் ஒரு சிறு பகுதியினருக்கு வருகிறது. அளவு சரியாக இருக்கிறவர்களுக்கும் எப்போதாவது வருகிறது. ஹார்மோன் அளவைச் சீராக வைத்திருந்தால் கண்ணுக்கு நல்லது என்பது உண்மை. இரத்தத் தாளில் எண் சரியாகிவிட்டதால் கண்ணும் சரியாகிவிட்டது என்று மட்டும் நினைக்கக் கூடாது.

கிரேவ்ஸ் நோய் உள்ளவர்களில் மூன்று நான்கு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் கண் பாதிக்கப்படுகிறது. அவர்களிலும் அதிகம் பேருக்கு லேசாகத்தான் இருக்கும், சொட்டு மருந்தும் பொறுமையும் போதும். பார்வையைப் பறிக்கிற அளவுக்குப் போவது நூறில் ஒரு சிலருக்கே. இதைப் பயமுறுத்த எழுதவில்லை. லேசாக இருக்கும்போதே பிடித்தால் லேசாகவே முடிக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

மருந்துக்கடையில் நான் தினமும் போடுகிற சண்டை ஒன்று உண்டு. “போன தடவை ஒரு சொட்டு குடுத்தீங்களே, ரெண்டே நாள்ல செவப்பு போச்சு, அதையே குடுங்க” என்பார்கள். பழைய சீட்டைப் பார்த்தால் ஸ்டீராய்டு சொட்டாக இருக்கும். கண் டாக்டர் கணக்கு வைத்து, கண் அழுத்தம் பார்த்து, இத்தனை நாள் என்று எழுதித் தருகிற மருந்து அது. சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை வரும். அழுத்தத்தால் போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. சிவப்பை மறைக்க மட்டும் விற்கிற சொட்டுகள் இன்னொரு வகை. இரத்தக் குழாயைச் சுருக்கிக் கண்ணை வெள்ளையாக்கும், நிறுத்தியவுடன் முன்னைவிடச் சிவக்கும். நான் இரண்டையும் சீட்டில்லாமல் தருவதில்லை. பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்று போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். என் தொழிலில் இருக்கிற எல்லாரும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாக நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

செயற்கைக் கண்ணீர் என்று விற்கிற சொட்டுகளிலும் பார்த்து வாங்க வேண்டியது உண்டு. பாட்டில் கெடாமல் இருக்கப் பாதுகாப்புப் பொருள் சேர்த்திருப்பார்கள். பென்சால்கோனியம் குளோரைடு என்று அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும். நாளைக்கு ஓரிரு தடவை விடுகிறவருக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. நாளெல்லாம் அடிக்கடி விட வேண்டிய தைராய்டு கண்காரருக்கு அந்தப் பொருளே கருவிழியை அரிக்கும். பாதுகாப்புப் பொருள் இல்லாதது வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். அம்மா, மகள், மருமகள் மூவரும் ஒரே பாட்டிலை விட்டுக்கொள்வதும் வேண்டாம்.

சொட்டு மருந்துக்கு முந்தின கட்டம் ஒன்று இருக்கிறது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு. பாட்டிமார்கள் அன்போடு சொன்னதுதான். ஆனால் காய்ந்து தோல் உரிந்த கருவிழியில் சுத்தமில்லாத எதுவும் படக் கூடாது. உரிந்த இடத்தில் கிருமி நுழைந்தால் புண்ணாகும். மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் எவ்வளவு என்று கணக்கெடுத்து 1996இல் ஒரு ஆய்வு வந்தது. வருஷத்துக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்கு. அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தில் எடுத்த அதே மாதிரிக் கணக்கைப்போல் இது பத்து மடங்கு. வயல்வேலையில் நெல் தாளும் சோகையும் கண்ணில் குத்துவதுதான் அதில் பெரும்பங்கு. அப்படிப்பட்ட மண்ணில், ராத்திரி மூடாத கண்ணோடு வாழ்கிற ஒருவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

ஆண்கள் என் கடைக்கு இந்த நோயோடு குறைவாகத்தான் வருகிறார்கள், நோய் பெண்களுக்கே அதிகம். ஆண்களுக்கு வந்தால் கடுமையாக வருகிறது. அதில் புகைக்கு இருக்கிற பங்கைப் பற்றிச் சந்தேகமே இல்லை. தைராய்டு உள்ளவர் பீடி, சிகரெட் பிடித்தால் கண் நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது, மோசமாகவும் ஆகிறது, மருந்தும் சரியாக வேலை செய்வதில்லை. நாமே மாற்றிக்கொள்ளக் கூடிய காரணங்களில் இதைவிடப் பெரியது கிடையாது. வீட்டில் தைராய்டு உள்ள பெண் இருந்தால் வீட்டுக்காரர் வாசலுக்கு வெளியே போய்ப் பிடிக்கட்டும். விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

இன்னொன்றும் முன்கூட்டியே தெரிய வேண்டும். தைராய்டைக் கட்டுப்படுத்தக் கதிரியக்க அயோடின் தருவதுண்டு, நல்ல சிகிச்சைதான். ஆனால் 1998இல் வெளியான இத்தாலிய ஆய்வில், அதை எடுத்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குக் கண் நோய் புதிதாக வந்தது அல்லது கூடியது. கூடவே ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்த பிரிவில் யாருக்கும் கூடவில்லை. அதனால் அயோடின் எடுப்பதற்கு முன்னால் கண் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். பார்க்காமல் எப்படி முடிவெடுப்பது? இரண்டு சீட்டுகளும் பேசிக்கொள்ள வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது மதுரைக்கு வருகிறேன். 1976இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பதினோரு படுக்கைகளோடு இந்த ஊரில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். உலகத்தின் பல நாடுகளிலிருந்து இன்று இங்கே வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள். அவரே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களோடு கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைசிகிச்சைகள் செய்தார். அவர் விரல்களைக் கோணலாக்கிய நோயும், உடம்பு தன்னையே தாக்குகிற இதே குடும்பத்து நோய்தான்; கண் காய்ந்துபோவது அந்த நோயிலும் உண்டு. இப்படி ஒருவர் வாழ்ந்து வேலை செய்த ஊர் இது. பெரியாஸ்பத்திரியிலும் கண் பிரிவு இருக்கிறது, தைராய்டு பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு நோயாளியை அனுப்புகிற பழக்கம்தான் வர வேண்டும்.

முடியும் என்பதற்கு சர்க்கரை நோயே சாட்சி. நான் கடைக்கு வந்த புதிதில், சர்க்கரை உள்ளவர் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் சிரிப்பார்கள். இன்றைக்குத் தனக்கன்குளத்திலிருந்து வருகிற படிக்காத ஆச்சிகூட “சுகர் இருக்குல்ல, கண்ணப் பாத்துட்டு வந்துட்டேன்” என்கிறது. முகாம்களிலும் சுகர் கிளினிக்குகளிலும் பார்க்கிற ஒவ்வொரு டாக்டரும் நர்சும் திரும்பத் திரும்பச் சொன்னதால் வந்த மாற்றம் அது. தைராய்டுக்கும் அதையே செய்யலாம்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். கண் வறட்சியோடு வருகிற எல்லாரையும் தைராய்டு சோதனைக்கு அனுப்பினால் லேப்புக்குத்தான் லாபம் என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கண் காய்ந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தைராய்டு காரணமாக இருக்காது. மாதவிடாய் நின்ற வயது, சளிக்கும் அலர்ஜிக்கும் போடுகிற மாத்திரைகள், தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் போடுகிற சில மாத்திரைகள், ஏ.சி. அறை, போன் என்று காரணங்கள் நிறைய. நான் எல்லாருக்கும் இரத்தம் எடுக்கச் சொல்லவில்லை. கேட்கவும் பார்க்கவும் சொல்கிறேன். தைராய்டு உண்டா, வீட்டில் யாருக்காவது உண்டா? கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிகிறதா? கீழே பார்க்கும்போது மேல் இமை பின்தங்குகிறதா? தூங்கும்போது கண் மூடாமல் இருக்கிறதா? காலையில் இமை வீங்குகிறதா? இதற்குக் காசும் ஆகாது, நேரமும் ஆகாது. ஒன்றுக்காவது ஆமாம் என்று வந்தால் சோதனைக்கு அனுப்பட்டும்.

அரசு செய்யக் கூடியது இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவருகிறார்கள். எங்கள் பகுதியில் அந்த வேலை பார்க்கிற பெண்களை எல்லாருக்கும் தெரியும். தைராய்டையும் அவர்கள் நோட்டில் சேர்க்கலாம், மேலே சொன்ன கேள்விகளை அச்சடித்துக் கொடுக்கலாம். கிராமங்களில் இருக்கிற கண் பரிசோதனை மையங்களில் பெயர், வயது, சுகர் எழுதுகிற இடத்தில் தைராய்டு என்று ஒரு கட்டம் போடலாம். கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் சொட்டு தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிற மருந்து. ஆடம்பரப் பொருள் இல்லை. அது ஆரம்ப சுகாதார நிலையங்களில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்க வேண்டும். காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியில் படுத்து ஆபரேஷன் செய்தால் கைகொடுக்கும். மாதாமாதம் வாங்குகிற சொட்டுக்கும் ராத்திரி கண்ணில் வைக்கிற ஜெல்லுக்கும் கைக்காசுதான். பொம்மைக்கு வண்ணம் அடித்துக் கூலி வாங்குகிறவள் மாதத்துக்கு இரண்டு பாட்டிலும் ஒரு ஜெல்லும் வாங்கிவிட்டு, மூன்றாம் மாதம் “அக்கா, இந்தத் தடவை ஒண்ணு போதும்” என்பாள். போதாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அமெரிக்காவில் 2020இல் அனுமதித்த புதிய ஊசி மருந்து கண் பிதுங்கலையே குறைக்கிறது என்கிறார்கள், நல்ல செய்திதான். அதன் விலை நம் ஊர்க் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாதது. முதலில் இந்தச் சாதாரணச் சொட்டு எல்லாருக்கும் கிடைக்கட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மின்விசிறிக்கு நேர் கீழே தலை வைக்க வேண்டாம். கட்டிலைத் திருப்பிப் போட்டால் போதும். தலைமாட்டை ஒரு தலையணை உயர்த்தினால் காலை வீக்கம் குறையும். கண் மூடாதவர்கள் ராத்திரி ஜெல் வைத்துக்கொண்டு, டாக்டர் சொல்லிக் கொடுத்த மாதிரி இமையை மெல்லிய டேப்பால் ஒட்டிக்கொள்ளலாம். டூவீலரில் போகும்போது ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். மகளோ மகனோ ஒரு நாள் ராத்திரி அம்மா தூங்கும்போது கண்ணைப் பார்த்துவிட்டு வரட்டும். செலினியம் மாத்திரை லேசான நோயில் உதவுவதாக 2011இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று சொன்னது. அதைப் படித்துவிட்டு நேராக என் கடைக்கு வராதீர்கள், டாக்டரிடம் போய்வாருங்கள். அளவு மீறினால் செலினியமும் கெடுதல்.

தைராய்டு உள்ள ஒருவருக்குப் பொருள்கள் இரண்டாகத் தெரிந்தால், நிறங்கள் மங்கினால், குறிப்பாகச் சிவப்பு வெளுத்துத் தெரிந்தால், பார்வை திடீரென்று குறைந்தால், கண்ணை அசைக்க வலித்தால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், சொட்டு கேட்டு என் கடைக்கோ வேறெந்தக் கடைக்கோ வர வேண்டாம். கண்ணுக்குப் பின்னால் நரம்பு நெருக்கப்படுகிறது அல்லது கருவிழி புண்ணாகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அன்றைக்கே, ஞாயிற்றுக்கிழமையானாலும், தைராய்டு நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு கண் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.